பெரிய ஊழியர் மீது புகார் வந்தால்

2021 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் அட்லாண்டா அருகே இயங்கிவந்த ஒரு கிறிஸ்தவ ஊழிய நிறுவனம் 12 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அந்த நிறுவனத்தை 1984-ல் தொடங்கியவர் ரவி சகரியாஸ். 1946-ல் சென்னையில் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, இருபது வயதில் கனடாவுக்குப் போனவர். உலகமெங்கும் பல்கலைக்கழக மேடைகளில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக அறிவார்ந்த முறையில் வாதாடியவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அவருடைய புத்தகங்களைப் படித்தவர்களும் பேச்சைக் கேட்டவர்களும் நம் ஊர்ச் சபைகளிலும் உண்டு. 2020 மே 19 அன்று புற்றுநோயால் இறந்தார். நினைவு ஆராதனையில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ் பேசினார். ஒன்பது மாதங்களுக்குள் அந்த அறிக்கை வந்தது.

அறிக்கையைத் தயாரித்தது மில்லர் அண்ட் மார்ட்டின் என்ற சட்ட நிறுவனம். 50-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்கள் பேசியிருந்தார்கள். அவர்களில் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர் மசாஜ் தொழில் செய்த பெண்கள். ரவி பங்குதாரராக இருந்த ஸ்பாக்களில் வேலை பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. தங்களிடம் அவர் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று பலர் சொன்னார்கள். ஒரு பெண் தனக்குப் பல ஆண்டுகளாக நடந்ததை வன்புணர்வு என்றே விவரித்தார். ரவியின் கைபேசிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட மசாஜ் தொழிலாளர்களின் தொடர்பு எண்கள் இருந்தன. ஏழைகளுக்கு உதவ என்று ஒதுக்கப்பட்ட ஊழிய நிதியில் கணிசமான பகுதி, ஒரு காலத்தில் மசாஜ் தொழில் செய்த நான்கு பெண்களுக்குப் போயிருந்தது.

அந்த 12 பக்கங்களில் என்னை அதிகம் உலுக்கிய செய்தி வேறு. நடந்ததை வெளியே சொன்னால், தன் பெயர் கெட்டு லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழக்கும், அதற்கு நீதான் பொறுப்பு என்று ரவி தன்னை எச்சரித்ததாக, வன்புணர்வு என்று விவரித்த அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். ஊழியத்தின் புகழே ஒரு பெண்ணின் வாயை அடைக்கும் கருவியாக ஆனது. சபையில் அதிகாரம் எப்படித் தவறாகப் பயன்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இது ஒரு தனி மனிதனின் பாவம், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. 2017-ல் நடந்ததைப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

அந்த ஆண்டு கனடாவைச் சேர்ந்த ஒரு தம்பதி, வழக்கறிஞர் மூலம் ரவிக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். ஆன்மிக ஆலோசகர் என்ற நிலையைப் பயன்படுத்தி தம்பதியில் மனைவியானவரை வசப்படுத்தி, ஆபாசப் படங்கள் அனுப்பவைத்தார் என்பது புகார். ரவி மறுத்தார். அதோடு நிற்காமல், பணம் பறிக்க முயல்கிறார்கள் என்று அந்தத் தம்பதி மீதே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது, குற்றக் கும்பல்களை ஒடுக்குவதற்காக அமெரிக்கா இயற்றிய சட்டம். அதே ஆண்டு நவம்பரில் சமரசம் ஆனது. சமரசத்தின் ஒரு பகுதியாக, யாரும் இதைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. பிறகு ரவி தன் தரப்பை அறிக்கையாக வெளியிட்டார். அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை.

நிறுவனத்தின் நிர்வாகக் குழு தன் தலைவரை நம்பியது. சுதந்திரமான விசாரணை எதற்கும் ஏற்பாடு செய்யவில்லை. அவருக்கு ஊழிய அபிஷேகம் கொடுத்த திருச்சபைப் பிரிவான கிறிஸ்டியன் அண்ட் மிஷனரி அலையன்ஸ், 2018-ல் தான் விசாரித்ததாகவும் முறையான ஒழுங்கு நடவடிக்கைக்கு அடிப்படை இல்லை என்றும் அறிவித்தது. ஒரு தரப்பின் வாயைக் கட்டிவிட்டு மறு தரப்பை மட்டும் கேட்டால் வேறு எந்த முடிவு வரும்? அதே திருச்சபைப் பிரிவு 2021-ல், இறந்துபோன அவருடைய ஊழிய அங்கீகாரத்தை ரத்து செய்தது. நிர்வாகக் குழுவும் அந்தப் பெண் உண்மையே பேசினார் என்று நம்புவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. அதற்குள் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெண்ணைப் பொய்க்காரி, பணத்தாசை பிடித்தவள் என்று உலகமெங்கும் உள்ள கிறிஸ்தவர்கள் ஏசி முடித்திருந்தார்கள்.

தனி மனிதனின் பாவத்தைச் சுற்றி நின்று காத்தவை நான்கு. பணம், நிர்வாகக் குழு, இரகசியம், வேத வசனம். ஒவ்வொன்றும் நம் சபைகளிலும் இருப்பதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பணத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் வரவு, செலவு, நிர்வாகிகளின் பெயர், அவர்களின் சம்பளம் எல்லாவற்றையும் ஒரு பொதுப் படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். சபைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ரவியின் நிறுவனம் தன்னைச் சபை என்ற வகையில் மாற்றிப் பதிவு செய்துகொண்டு, 2015-க்குப் பிறகு அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்வதை நிறுத்திவிட்டது. சட்டப்படி அது குற்றமில்லை. ஆனால் காணிக்கை கொடுத்த ஒருவர் தன் பணம் எங்கே போகிறது என்று பார்க்க இருந்த ஒரே ஜன்னல் அதோடு மூடியது. ஏழைகளுக்கான நிதி யாருக்குப் போகிறது என்று வெளியிலிருந்து கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

நிர்வாகக் குழுவின் நிலை இன்னும் மோசம். உறுப்பினர்கள் யார் என்ற பட்டியலையே அந்த நிறுவனம் வெளியிடவில்லை. மகள் தலைமை நிர்வாக அதிகாரி, மனைவியும் பொறுப்பில் இருந்தார். இவர்கள் எல்லாரும் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவை நீக்குவதா என்று மகள் ஓட்டுப் போட வேண்டிய நிலையை எந்த ஒழுங்கான அமைப்பும் உருவாக்காது. அது மகளுக்கும் அநியாயம். நம் ஊரில் தனிச் சபைகளை நினைத்துப் பாருங்கள். ஸ்தாபகர் தலைவர், மனைவி பொருளாளர், மகன் ஆராதனை நடத்துபவர், மருமகன் செயலாளர். டிரஸ்ட் பத்திரத்திலும் இவர்கள் பெயர்தான் இருக்கும். புகார் சொல்ல விரும்புகிற பெண் யாரிடம் போவாள்?

மூன்றாவது இரகசியம். இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. புகார் சொன்னவரின் பெயரைக் காப்பது ஒரு வகை. அது அவசியம். புகாரே வந்ததில்லை என்பதுபோல் காட்டுவது இன்னொரு வகை. அது குற்றம் செய்தவருக்கு அடுத்த இரையைத் தேடிக்கொடுக்கும். பேசமாட்டேன் என்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஒரு சபையோ ஊழியமோ பாலியல் புகாரில் சமரசம் பேசும்போது, பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டாலொழிய இப்படிப்பட்ட நிபந்தனையைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்ற திருச்சபைப் பிரிவில் இரகசியம் எந்த எல்லைக்குப் போனது என்பது 2022 மே மாதம் வெளிவந்தது. குற்றம் சாட்டப்பட்ட எழுநூறுக்கும் மேற்பட்டவர்களின் பட்டியலைத் தலைமை அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் தயாரித்து வைத்திருந்தார்கள். சபைகளுக்கு அதைச் சொல்லவில்லை. வழக்கு வந்துவிடுமே என்ற பயம்.

நான்காவதாக வேத வசனம். இங்கே நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. விசுவாசிகளின் மனசாட்சியைக் கட்டிப்போடுவது சட்டத்தைவிட இதுதான்.

கர்த்தரால் அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்பார்கள். சங்கீதத்தில் அந்த வார்த்தை வருகிற இடம், நாடோடிகளாகத் திரிந்த ஆபிரகாமின் குடும்பத்தை ராஜாக்கள் துன்புறுத்தக் கூடாது என்று தேவன் கண்டித்த இடம். பலமில்லாதவர்களைக் காக்க, பலமுள்ளவர்களுக்குச் சொன்னது. இன்று தலைகீழாகப் பயன்படுகிறது. சவுலைத் தாவீது தொடவில்லை என்பதும் அடிக்கடி வரும் எடுத்துக்காட்டு. தாவீது சவுலைக் கொல்லவில்லை. ஆனால் குகைக்கு வெளியே நின்று, இரண்டு தரப்பு ஆட்களும் கேட்க, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று சவுலின் முகத்துக்கு நேரே சொன்னான். அதே தாவீது ராஜாவாகி, உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொல்வித்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கே போய்ச் சொன்னான். தாவீதைவிடப் பெரிய அபிஷேகம் யாருக்கு?

மூப்பன் மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். ஆதாரமில்லாத வதந்தியை வைத்து ஒருவரைத் தூக்கி எறியாதே என்பது நல்ல ஆலோசனைதான். ஆனால் அடுத்த வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. பாவம் செய்தவர்களை எல்லார் முன்னிலையிலும் கண்டிக்க வேண்டும், மற்றவர்களுக்குப் பயம் உண்டாகும்படி, என்பது அதன் பொருள். மூப்பர்களுக்குப் பாதுகாப்பு எவ்வளவோ அவ்வளவு வெளிப்படையான கண்டிப்பும் உண்டு. தவிர, பூட்டிய அறையில் நடப்பதற்கு இரண்டு கண்கண்ட சாட்சிகள் எங்கிருந்து வருவார்கள்? ஒருவரை ஒருவர் அறியாத பெண்கள் ஒரே மாதிரியான நடத்தையைச் சொல்வதும், கைபேசிப் பதிவும், வங்கிக் கணக்கும் சாட்சிகள்தான். ரவியின் விஷயத்தில் இவை எல்லாம் இருந்தன. தேடத்தான் ஆள் இல்லை. உபாகமத்தின் 19-ம் அதிகாரம் நியாயாதிபதிகள் நன்றாய் விசாரணை செய்ய வேண்டும் என்கிறது. சாட்சி போதாது என்று உட்கார்ந்துவிட அங்கே அனுமதி இல்லை.

சகோதரனை வழக்குக்கு இழுக்காதே என்று கொரிந்தியருக்கு எழுதிய பகுதியையும் சொல்வார்கள். பவுல் அங்கே பேசுவது விசுவாசிகள் தங்களுக்குள் போடும் சொத்துச் சண்டை போன்ற வழக்குகளை. குற்றத்தைத் தண்டிக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு தேவன் கொடுத்தது என்று ரோமருக்கு எழுதியவரும் அவர்தான்.

சரி, புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரானால் சபைக்கு முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. இந்தியாவில் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. சிறுவன், சிறுமி என்ற வேறுபாடு இந்தச் சட்டத்தில் கிடையாது. முதலில் நாங்கள் கமிட்டியில் விசாரித்து உண்மையா என்று பார்க்கிறோம் என்று சொல்லும் போதகர், நல்லெண்ணத்தோடு சொன்னாலும் சட்டத்தை மீறுகிறார். அரைகுறை விசாரணையில் சாட்சிகள் கலைந்துபோகும், பிள்ளையின் குடும்பத்தை மிரட்ட அவகாசம் கிடைக்கும். விடுதிகளும் பள்ளிகளும் ஞாயிறு பள்ளிகளும் நடத்துகிற திருச்சபைகள் இதைத் தங்கள் ஒவ்வோர் ஊழியருக்கும் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் வயதுவந்த பெண் என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்கிற எந்த நிறுவனமும் உள்ளகப் புகார் குழு ஒன்றை அமைக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். திருச்சபை நடத்தும் கல்லூரிகள், மருத்துவமனைகள், அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. புகாரே முதலாளி மீது என்றால், அல்லது பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால், அந்த நிறுவனத்துக்குள் விசாரணை நடக்காது. மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் போகும். தலைவரைத் தலைவரின் ஆட்கள் விசாரிக்க முடியாது என்ற உண்மையைச் சட்டம் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது. சபைகள்தான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

குற்ற வழக்கு ஆகாத, ஆனால் ஊழியத் தகுதியைப் பாதிக்கிற புகார்களும் வரும். ஆலோசனைக்கு வந்தவரோடு தகாத உறவு, காணிக்கைப் பணத்தில் மோசடி, கீழே உள்ள ஊழியர்களைக் கொடுமையாக நடத்துவது. இங்கேதான் சபைக்கு சொந்தமாக ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதல் வேலை, விசாரணை முடியும் வரை அவர் பிரசங்க மேடையிலிருந்தும் பணப் பொறுப்பிலிருந்தும் விலகி நிற்பது. சம்பளம் தொடரட்டும், குடும்பம் தவிக்க வேண்டாம். இது தண்டனை இல்லை என்பதைச் சபைக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேடையில் இருக்கும் வரை அவருக்கு மைக் இருக்கிறது, எதிராளிக்கு இல்லை. சத்துரு ஊழியத்தைத் தாக்குகிறான், ஜெபியுங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னால் போதும். கண்ணீரோடு நிற்கும் சபையார் அத்தனை பேரும் அந்தப் பெண்ணுக்கு எதிராகத் திரும்பிவிடுவார்கள்.

அடுத்தது, யார் விசாரிப்பது. சிகாகோ அருகே வில்லோ கிரீக் என்ற மிகப் பெரிய சபையில் நடந்ததை இதற்குப் பாடமாக எடுக்கலாம். ஸ்தாபகப் போதகர் பில் ஹைபெல்ஸ் மீது பெண்கள் சிலர் புகார் சொன்னார்கள். மூப்பர்கள் தாங்களே விசாரித்தார்கள், வெளி வழக்கறிஞர் ஒருவரையும் வைத்தார்கள், குற்றம் இல்லை என்று முடித்தார்கள். 2018 மார்ச்சில் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை விஷயத்தை வெளியிட்டது. ஹைபெல்ஸ் மறுத்தார், ஆனால் அடுத்த மாதமே பதவி விலகினார். மேலும் பெண்கள் முன்வந்தார்கள். ஆகஸ்டில் மூப்பர் குழு முழுவதும், பெண்களை நம்பாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டு ராஜினாமா செய்தது. சபைக்கு வெளியே உள்ள கிறிஸ்தவத் தலைவர்களைக் கொண்ட தனிக் குழு, 2019 பிப்ரவரியில், குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்று சொன்னது. முதல் விசாரணையிலும் வெளியாள் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். வெளியாள் என்பதால் மட்டும் விசாரணை சுதந்திரமானதாகிவிடாது. அவரை நியமிப்பது யார், எதை விசாரிக்கச் சொல்கிறார்கள், அறிக்கை யார் கைக்குப் போகிறது, அதை வெளியிடும் உறுதி முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். சபையைக் காக்க வைத்த வழக்கறிஞர் சபையைத்தான் காப்பார். அவர் தொழிலே அது.

ரவி சகரியாஸின் நிறுவனம் 2020-ல் செய்த ஒரு நல்ல காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கிறிஸ்டியானிட்டி டுடே இதழ் அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்பா பெண்களின் புகாரை வெளியிட்ட பிறகு, வெளி நிறுவனத்தை அமர்த்தினார்கள். வந்த அறிக்கை தங்களுக்கு எவ்வளவு அவமானமானாலும் அப்படியே வெளியிட்டார்கள். இங்கிலாந்துக் கிளை ஒரு படி மேலே போய், தாய் நிறுவனத்தை விட்டுப் பிரிந்து, கனடியப் பெண்ணிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்திருந்தால், ரவி உயிரோடு இருக்கும்போதே பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். மனந்திரும்பும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்திருக்கும். மேலிடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள் அவரிடமிருந்து அதையும் பறித்துவிட்டார்கள்.

ஆயர்களும் பேராயர்களும் உள்ள திருச்சபைகளில் நிலைமை வேறு. அங்கே மேலே ஒருவர் இருக்கிறார். ஆனால் எல்லாருக்கும் மேலே இருப்பவர் மீதே புகார் வந்தால்? கத்தோலிக்கத் திருச்சபையில் அமெரிக்கக் கர்தினால் தியோடர் மெக்காரிக் மீது எழுந்த பாலியல் புகார் இந்தக் கேள்வியை எழுப்பியது. 2018-ல் அவர் கர்தினால் பதவியை இழந்தார், 2019-ல் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கப்பட்டார். அதே 2019 மே மாதத்தில் போப் பிரான்சிஸ் புதிய விதிமுறை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன்படி, ஆயர் ஒருவர் மீது புகார் வந்தால் அந்தத் திருச்சபை மாநிலத்தின் பேராயர் வத்திக்கானுக்குத் தெரிவித்து, அனுமதி பெற்று விசாரிக்க வேண்டும். குருக்களும் துறவியரும் தங்களுக்குத் தெரியவந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, மௌனமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. 2023-ல் இது நிரந்தரமாக்கப்பட்டது. ஆயரை இன்னொரு ஆயரே விசாரிக்கிறார் என்ற குறை இதில் இன்னும் இருக்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தது இன்னொரு விதம். ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர், கிறிஸ்தவ முகாம்களில் பழகிய பையன்களைத் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்துக் கொடூரமாக அடித்தார். 1982-லேயே முகாம் பொறுப்பாளர்களுக்காக ஓர் உள் அறிக்கை எழுதப்பட்டது. போலீசுக்குப் போகவில்லை. அவர் ஜிம்பாப்வே போனார், பிறகு தென்னாப்பிரிக்கா. அங்கேயும் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். 2018-ல் தண்டனை எதுவும் பெறாமல் இறந்தார். 2024 நவம்பர் 7 அன்று இதைப் பற்றி வெளியான மேக்கின் ஆய்வறிக்கை, 2013-ல் கேண்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி உள்ளிட்டவர்களுக்கு விஷயம் தெரிந்தும் முறையாகத் தொடரவில்லை என்றது. ஐந்தே நாளில் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். அவர் எவரையும் அடிக்கவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று இருந்துவிட்டார். தலைமைப் பொறுப்பு என்றால் கேட்டு முடிப்பதும் அதில் சேர்த்தி என்பதை கேண்டர்பரி பேராயர் பதவிக்கே அந்த நவம்பர் உணர்த்தியது.

குற்றம் சாட்டப்பட்டவரின் நியாயமும் உண்டு. பொய்ப் புகார்கள் வருவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம் திருமண்டலத் தேர்தல் காலங்களில் மொட்டைக் கடிதங்கள் பறப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என்ன புகார் என்பதை அவருக்கு எழுத்தில் தர வேண்டும். பதில் சொல்ல நேரம் வேண்டும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள உரிமை வேண்டும். முடிவு வரும்வரை வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதக் கூடாது. குற்றமற்றவர் என்று தெரிந்தால், விலகி நிற்கச் சொன்ன அதே மேடையில், அதே அளவு சத்தத்தோடு அதையும் அறிவிக்க வேண்டும். நேர்மையான ஊழியருக்கு சுதந்திரமான விசாரணையைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை. கமிட்டி மூடிய அறையில் விடுவித்தவர் மீது சந்தேகம் கடைசி வரை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

குற்றம் உறுதியான பிறகு வரும் பேச்சு மன்னிப்பு. அவர் அழுதுவிட்டார், மனந்திரும்பிவிட்டார், நாம் யார் நியாயந்தீர்க்க என்பார்கள். மன்னிப்பது சுவிசேஷத்தின் மையம். அதைச் சந்தேகிக்க மாட்டேன். ஆனால் மன்னிப்பும் பதவியும் ஒன்றில்லை. பணம் கையாடிய பொருளாளரை மன்னிக்கிற சபை, பெட்டிச் சாவியைத் திரும்ப அவர் கையில் கொடுப்பதில்லை. பிரசங்க மேடையும் ஆலோசனை அறையும் அந்தப் பெட்டியைவிடப் பெரிய நம்பிக்கையின் பேரில் கொடுக்கப்படுபவை. மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் கொடுக்க வேண்டியது, அதுவும் அவருடைய நேரத்தில். சபை அவர் சார்பில் அவசரமாகக் கொடுத்துவிட முடியாது.

நம் நாட்டில் இன்னொரு தயக்கம் இருக்கிறது, அதை நான் லேசாக எண்ணவில்லை. சிறுபான்மையாக வாழ்கிற நாம் நம் அழுக்கை வெளியே கொட்டினால் எதிர்ப்பவர்களுக்கு அவல் கிடைத்த கதையாகும் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்மையாகவே உண்டு. ஆனால் மேலே சொன்ன ஒவ்வொரு நிகழ்விலும் பெரிய அவமானம் வந்தது புகாரால் இல்லை. மறைத்தது தெரியவந்தபோதுதான் வந்தது. நாமே வெளியிட்டால் உண்மையின் அளவு தெரியும். பிறர் வெளியிட்டால் அவர்கள் சொன்னதே அளவு.

பெரிய திருச்சபைகளுக்குச் சட்டதிட்டங்களாவது இருக்கின்றன. அறுபது எழுபது குடும்பங்கள் உள்ள ஒரு தனிச் சபை என்ன செய்யும்? செய்ய முடியும், அதிகச் செலவில்லாமலே. அக்கம்பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று சபைகளோடு எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம்: எங்கள் போதகர் மீது புகார் வந்தால் உங்களில் இருந்து இருவரும், குடும்ப நல ஆலோசனையிலோ சட்டத்திலோ பயிற்சி உள்ள ஒரு பெண்ணும் விசாரிப்பார்கள், உங்கள் போதகர் மீது வந்தால் நாங்கள். யாரிடம் புகார் சொல்லலாம் என்று அவர்கள் தொலைபேசி எண்ணைச் சபை வாசலிலும் பெண்கள் ஐக்கியக் கூட்ட அறையிலும் ஒட்டிவைக்கலாம். போலீசையும் மாவட்ட உள்ளூர்க் குழுவையும் குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் அதிலேயே எழுதலாம். கணக்கைப் போதகரின் உறவினர் அல்லாத ஒருவர் ஆடிட் செய்து, ஆண்டுக்கு ஒருமுறை சபையாருக்கு வாசிக்கலாம். ஆலோசனை அறைக் கதவில் கண்ணாடி பதிக்கலாம். இவற்றில் எதுவும் போதகரைச் சந்தேகிப்பதற்காக இல்லை என்பதை முதலில் அவரே எழுந்து சபையில் சொன்னால், மற்றவர்களுக்கு வேலை சுலபம். நல்ல போதகர்கள் பலர் சொல்லவும் செய்வார்கள். சொல்ல மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கேட்கலாம். அந்தக் கேள்வியையும் பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.